ஸ்பில்வே வடிவமைப்பு: ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்ப்போம்

உலகில் இதுவரை நடந்த அணை உடைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தண்ணீர் அணையின் தலைக்கு மேலே வழிந்ததால் நடந்தவை. மண் அணை என்றால் வழிந்து ஓடும் தண்ணீர் கரையை அரித்து, சில மணி நேரத்திலேயே மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி வழியாமல் வெள்ளத்தைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிடும் அமைப்புதான் ஸ்பில்வே, அதாவது உபரிநீர்ப் போக்கி. இதைப் புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் முகட்டின், அதாவது தண்ணீர் வழியும் உச்சி விளிம்பின், மேல் எவ்வளவு தண்ணீர் போகும் என்ற சூத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. கீழே இறங்கிய தண்ணீரின் வேகத்தை எப்படி அடக்குவது என்பதில்தான் உண்மையான வடிவமைப்பு இருக்கிறது. அதனால் ஒரு கற்பனை அணையை எடுத்துக்கொண்டு, எண்களோடு கடைசிவரை போகலாம். ஒரு கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தால் போதும்.

படி 1: எவ்வளவு வெள்ளம்?

பெரிய அணைகளுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்வது, அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் வரச் சாத்தியமுள்ள அதிகபட்ச வெள்ளம். உடைந்தால் ஆள் சேதம் வராத சின்ன அணைகளுக்கு நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் போன்றவற்றை ஏற்கிறார்கள். எந்த அணைக்கு எது என்பதை அந்தந்த நாட்டு விதி சொல்லும், அதைப் பார்க்காமல் இந்த எண்ணைத் தொடாதீர்கள்.

உள்ளே வரும் உச்ச வெள்ளம் முழுவதையும் ஸ்பில்வே வெளியேற்ற வேண்டியதில்லை. நீர்மட்டம் ஏற ஏற, தண்ணீரின் ஒரு பங்கு தேக்கத்திலேயே தங்குகிறது. நேரத்தைச் சின்னச் சின்ன இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தால் தேக்கத்தில் கூடிய அளவு கிடைக்கும், அதிலிருந்து புதிய நீர்மட்டம், அதிலிருந்து புதிய வெளியேற்றம் என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு விரிதாளில் முடிகிற வேலைதான். தொடங்கும்போது அணை முழுக் கொள்ளளவில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் காலியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடக் கூடாது, பெருவெள்ளம் பெரும்பாலும் ஏற்கெனவே பெய்த மழையின் தொடர்ச்சியாகத்தான் வரும்.

நம் அணையில் விநாடிக்கு 3000 கனமீட்டர் வரத்து, தேக்கம் போக 2000 கனமீட்டர் வெளியேற்றமாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: எந்த வகை?

இதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த இடம்தான். கான்கிரீட் அணை, கீழே நல்ல பாறை என்றால் அணையின் உடம்பிலேயே ஓஜி ஸ்பில்வே வைக்கலாம். இதன் முகடு முதலில் மேல்நோக்கி வளைந்து, பிறகு எஸ் போலக் கீழே இறங்கும். மண் அணையின் மேல் தண்ணீரை விட முடியாது, அதனால் பக்கத்துக் குன்றை வெட்டிச் சரிவுக் கால்வாய் போடுவார்கள். பள்ளத்தாக்கு குறுகலாக இருந்து முகட்டுக்கு அகலம் கிடைக்காவிட்டால், முகட்டைக் கரையோரமாக நீளவாக்கில் திருப்பிவிடலாம். இது பக்கவாட்டுக் கால்வாய் வகை, அமெரிக்காவின் ஹூவர் அணையில் இருப்பது இதுதான்.

அப்புறம் படங்களில் ஏரி நடுவே பெரிய ஓட்டை போலத் தெரியுமே, அது செங்குத்துத் தண்டு வகை. கலிபோர்னியாவின் மாண்டிசெல்லோ அணையில் இருக்கும் அதன் வாய் ஏறக்குறைய 22 மீட்டர் விட்டம். பார்க்க அழகு, ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. ஓஜி முகட்டில் ஹெட், அதாவது முகட்டுக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரம், இரட்டிப்பானால் வெளியேற்றம் ஏறக்குறைய 2.8 மடங்காகும். தண்டு நிரம்பிவிட்டாலோ அதன் பிறகு, நீர்மட்டத்திலிருந்து கீழே வெளிவாய் வரையிலான மொத்த உயரமே இரட்டிப்பானாலும் வெளியேற்றம் 1.4 மடங்குதான். எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெள்ளம் வரும் நாளில் இந்த வகை கைகொடுக்காது. அதனால் வேறு வழி இருக்கும்போது நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். வளைந்த குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சி இறக்கும் சைஃபன் வகைக்கும் இதே குறைதான். பழைய அணையின் கொள்ளளவைக் கூட்ட, ஒரே அகலத்துக்குள் முகட்டை மடித்து மடித்து நீளமாக்கும் லாபிரிந்த், பியானோ கீ வகைகள் நன்றாக வேலை செய்கின்றன.

ஷட்டர் வைப்பதா, வேண்டாமா? ஷட்டர் இல்லாத முகட்டுக்கு மின்சாரமும் ஆளும் தேவையில்லை, தண்ணீர் ஏறினால் அதுவே வழியும். ஷட்டர் வைத்தால் கூடுதல் நீரைத் தேக்கலாம், ஆனால் அது திறக்காத நாளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். நம் அணைக்கு ஷட்டரோடு கூடிய ஓஜி ஸ்பில்வேயை எடுத்துக்கொள்வோம்.

படி 3: முகட்டின் நீளம்

வெளியேற்றம் = கெழு × பயனுறு நீளம் × ஹெட்டின் 1.5 அடுக்கு. உயரமான ஓஜி முகட்டுக்கு, வடிவமைப்பு ஹெட்டில், மெட்ரிக் அலகில் கெழு 2.18 அளவில் இருக்கும். ஹெட் 6 மீட்டர் என்று எடுத்தால் அதன் 1.5 அடுக்கு 14.7. அதை 2.18 ஆல் பெருக்கினால் முகட்டின் ஒவ்வொரு மீட்டருக்கும் விநாடிக்கு 32 கனமீட்டர். 2000 ஐ 32 ஆல் வகுத்தால் பயனுறு நீளம் 62.5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

பயனுறு நீளம் என்று ஏன் சொல்கிறோம் என்றால், தூண்களைச் சுற்றி வரும் தண்ணீர் ஓரத்தில் சுருங்கும், அந்தப் பகுதி முழுதாக வேலை செய்யாது. 13 மீட்டர் அகலத்தில் 5 கண்கள், அதாவது தூண்களுக்கு இடையிலான திறப்புகள், வைத்தால் மொத்தம் 65 மீட்டர், நடுவே 4 தூண்கள். வட்ட முனைத் தூணுக்குச் சுருக்கக் கெழு 0.01, வளைத்துக் கட்டிய கரைச்சுவருக்கு 0.1. ஆக 2 × (4 × 0.01 + 0.1) × 6 = 1.68 மீட்டர் கழிகிறது. மிச்சம் 63.3 மீட்டர், வெளியேற்றம் 2029 கனமீட்டர். போதும்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். ஒரு ஷட்டர் சிக்கிக்கொண்டால்? 4 கண்களில் 52 மீட்டர், அதே 2000 கனமீட்டர் போக வேண்டும். திரும்பப் போட்டுப் பார்த்தால் ஹெட் 6.95 மீட்டர் வருகிறது. அதாவது நீர்மட்டம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கூடுதலாக ஏறும். அணையின் தலை அதற்கும் மேலே, அலை எழும்பும் உயரத்தையும் சேர்த்து இருக்க வேண்டும். இந்த ஒரு வரிக் கணக்கைப் போடாமல் அணையின் உயரத்தை முடிவு செய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து.

படி 4: முகட்டின் வளைவு

கூர்முனைத் தடுப்பின் மேல் விழும் நீர்த்தாரையின் அடிப்பக்கம் எப்படி வளைகிறதோ, அதே வளைவில் கான்கிரீட்டை வார்ப்பதுதான் ஓஜியின் அடிப்படை. தண்ணீர் கான்கிரீட்டை அழுத்தவும் செய்யாது, விட்டு விலகவும் செய்யாது. நேர்குத்தான முன்முகம் கொண்ட அணைக்குச் சமன்பாடு இது: முகட்டிலிருந்து கிடைத்தூரத்தின் 1.85 அடுக்கு = 2 × ஹெட்டின் 0.85 அடுக்கு × இறக்கம்.

நம் 6 மீட்டர் ஹெட்டுக்கு, கிடைத்தூரத்தின் 1.85 அடுக்கை 9.17 ஆல் வகுத்தால் இறக்கம் கிடைத்துவிடும். 2 மீட்டர் தள்ளி 0.39 மீட்டர் இறக்கம், 4 மீட்டரில் 1.42, 6 மீட்டரில் சரியாக 3. பின்முகச் சரிவு கிடையாக 0.8 க்குச் செங்குத்தாக 1 என்றால், 8.55 மீட்டர் தூரத்தில் 5.78 மீட்டர் இறங்கிய இடத்தில் வளைவு நேர்ச்சரிவோடு தொட்டுச் சேரும்.

தண்ணீர் 6 மீட்டருக்கு மேல் வந்தால் முகட்டில் எதிர்மறை அழுத்தம், அதாவது வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தம், உண்டாகும். அது வெளியேற்றத்தைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும், அதனால் வடிவமைப்பு ஹெட்டைப் போல் 1.33 மடங்கு வரை ஏற்றுக்கொள்வது வழக்கம். நம் ஷட்டர் சிக்கிய நிலை 1.16 மடங்குதான், பரவாயில்லை.

படி 5: அடிவாரத்தில் என்ன நடக்கிறது

முகடு, கீழே தண்ணீரின் வேகத்தை அடக்கும் தணிப்புத் தொட்டியின் தளத்திலிருந்து 40 மீட்டர் உயரம் என்போம். மேலே 6 மீட்டர் தண்ணீர், ஆக மொத்த வீழ்ச்சி 46 மீட்டர். உராய்வு இழப்பை விட்டுவிட்டால் அடிவார வேகம் விநாடிக்கு 29.7 மீட்டர், மணிக்கு 107 கிலோமீட்டர். தூண்களின் தடிமன் தலா 3 மீட்டர் சேர்த்துத் தொட்டியின் அகலம் 77 மீட்டர், எனவே மீட்டருக்கு 26 கனமீட்டர். அதை வேகத்தால் வகுத்தால் தண்ணீரின் ஆழம் 0.875 மீட்டர்தான். இடுப்பளவு ஆழத்தில், நெடுஞ்சாலை வண்டியின் வேகத்தில் ஓடும் தண்ணீர். இதை அப்படியே ஆற்றில் விட்டால் பாறையையும் தோண்டிவிடும்.

இதை அடக்க நீர்த்தாவலைப் பயன்படுத்துகிறோம். வேகமான மெல்லிய ஓட்டம் திடீரென்று எழும்பி, நுரைத்துச் சுழன்று, ஆழமான மெதுவான ஓட்டமாக மாறுவதுதான் நீர்த்தாவல். முதலில் ஃப்ரூட் எண்: வேகத்தை, ஈர்ப்பு முடுக்கம் × ஆழம் என்பதன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 29.7 ÷ 2.93 = 10.1. தாவலுக்குப் பின் ஆழம் = முன் ஆழத்தில் பாதி × (ஃப்ரூட் எண்ணின் வர்க்கத்தை 8 ஆல் பெருக்கி, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1 கழித்தது). விடை 12.1 மீட்டர்.

இழக்கும் ஆற்றலையும் பாருங்கள். இரண்டு ஆழங்களின் வித்தியாசத்தின் கனத்தை, நான்கு மடங்கு ஆழங்களின் பெருக்கத்தால் வகுத்தால் 33.4 மீட்டர். 2000 கனமீட்டருக்கு இது ஏறக்குறைய 655 மெகாவாட். ஒரு பெரிய மின்நிலையத்தின் திறன் அளவுக்கு ஆற்றல் அந்தத் தொட்டிக்குள்ளேயே சிதற வேண்டும், அதுவும் வெள்ளம் ஓயும்வரை மணிக்கணக்காக.

தொட்டியின் வகையை ஃப்ரூட் எண்ணும் வேகமும் முடிவு செய்கின்றன. அணைகள் கட்டும் அமெரிக்க அரசு அமைப்பான ரெக்ளமேஷன் பீரோ தந்த வகைப்பாட்டில், ஃப்ரூட் எண் 4.5 க்கு மேல், வேகம் விநாடிக்கு 18 மீட்டருக்குக் கீழ் என்றால் நடுவே தடுப்புக் கட்டைகள் வைத்த மூன்றாம் வகை. நம் வேகத்தில் அந்தக் கட்டைகள் கேவிட்டேஷனால், அதாவது அழுத்தம் குறைந்த இடத்தில் உண்டாகும் நீராவிக் குமிழ்கள் உடைந்து மோதுவதால், சிதைந்துவிடும், எனவே கட்டைகள் இல்லாத இரண்டாம் வகை, நீளம் பின் ஆழத்தைப் போல் 4.3 மடங்கு, அதாவது 52 மீட்டர். 2.5 இலிருந்து 4.5 வரையிலான ஃப்ரூட் எண்தான் தொல்லை பிடித்தது. தாவல் ஓரிடத்தில் நிற்காமல் ஊசலாடி, ஆற்றில் நெடுந்தூரம் அலை கிளப்பும். முடிந்தால் அந்த வரம்பையே தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது பலரும் தவறவிடும் சரிபார்ப்பு. தொட்டிக்குள் 12.1 மீட்டர் ஆழம் இருந்தால்தான் தாவல் அங்கேயே நிற்கும். ஆற்றின் கீழ்நீர்மட்டம் அதைக் கொடுக்கிறதா? 2000 க்கு மட்டும் பார்த்தால் போதாது, 200, 500, 1000 என்று ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் தாவலுக்கு வேண்டிய ஆழம், ஆறு கொடுக்கும் ஆழம் இரண்டையும் ஒரே வரைபடத்தில் வரைந்து பாருங்கள். கீழ்நீர் குறைவாக இருந்தால் தாவல் தொட்டியை விட்டு வெளியே ஓடிவிடும். தளத்தைத் தாழ்த்தவோ, முடிவில் தடுப்புச்சுவர் வைக்கவோ வேண்டும். பாறை உறுதியாக இருந்தால் தண்ணீரைத் தூக்கித் தொலைவில் எறியும் ஸ்கீ ஜம்ப் பக்கெட்டுக்குப் போகலாம். கீழ்நீர் மிக அதிகம் என்றால் தாவல் மூழ்கிப்போய், வேகமான தாரை அடியிலேயே ஓடும். அங்கே தண்ணீரை வளைந்த அடித்தளத்தில் சுருட்டிவிடும் ரோலர் பக்கெட் பொருத்தம்.

ஷட்டர் இயக்கமும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு ஓரக் கண்ணை மட்டும் முழுதாகத் திறந்தால் தொட்டிக்குள் சுழல் உண்டாகி, ஆற்றிலிருந்து கற்களை உள்ளே இழுத்து வரும். அந்தக் கற்கள் வெளியேறாமல் உருண்டு உருண்டு கான்கிரீட்டை அரைத்துக் கம்பி தெரியும்வரை கொண்டுபோய்விடும். எல்லாக் கண்களையும் சீராகத் திறக்கச் சொல்லி இயக்கக் குறிப்பில் எழுதுவது வடிவமைப்பாளரின் வேலை.

படி 6: வேகம் கான்கிரீட்டுக்குச் செய்வது

கேவிட்டேஷன் எண்ணைப் போட்டுப் பாருங்கள்: தண்ணீரில் உள்ள அழுத்தத்திலிருந்து ஆவியழுத்தத்தைக் கழித்து, அதை அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் என்பதில் பாதியால் வகுக்க வேண்டும். நம் அடிவாரத்தில் 0.23 அளவு வருகிறது. 0.2 க்குக் கீழே போனால் காற்று புகவிடும் பள்ளம் வைப்பது நடைமுறை. நாம் விளிம்பில் நிற்கிறோம், எனவே மேற்பரப்பில் பலகை மூட்டுகளின் படிகூட நிற்காமல் வழவழப்பாக முடிக்க வேண்டும். 1983 இல் அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணையின் ஸ்பில்வே சுரங்கங்களில், கேவிட்டேஷன் கான்கிரீட் பூச்சைப் பிய்த்துப் பாறையிலேயே பெரிய குழி தோண்டியது. பிறகு அங்கே காற்றுப் பள்ளங்கள் வெட்டினார்கள்.

இன்னொன்று, ஸ்லாபின் அடியில் புகும் தண்ணீர். 2017 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஓரோவில் அணையின் சரிவுக் கால்வாயில், விரிசல் வழியாகவும் மூட்டுகள் வழியாகவும் அடியில் போன தண்ணீர் ஸ்லாபை மேலே தூக்கிவிட்டது. வெளியேற்றத்தைக் குறைத்ததில் நீர்மட்டம் ஏறி, அவசரகால ஸ்பில்வே வழியாக வழிந்து, அதன் கீழே கான்கிரீட் போடாத மலைச்சரிவு முகட்டை நோக்கி அரிக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,88,000 பேரை வெளியேற்றினார்கள். எனவே மூட்டில் நீர்த்தடுப்புப் பட்டை, அடியில் வடிகால், பாறையோடு பிடித்துக்கட்டும் நங்கூரக் கம்பி, இவை மூன்றுக்கும் ஹைட்ராலிக் கணக்குக்குச் சமமான கவனம் கொடுங்கள்.

படி 7: மாதிரி

கையால் போட்ட கணக்கைச் சிறிய உருவ மாதிரியில் ஓட்டிப் பார்ப்பது பெரிய அணைகளில் வழக்கம். ஃப்ரூட் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி வைத்தால், 50 இல் ஒரு பங்கு அளவில் வேகம் 7 மடங்கு குறையும், 2000 கனமீட்டர் வெறும் 113 லிட்டராகச் சுருங்கும். தூண்களைச் சுற்றிய ஓட்டம், தாவல் நிற்கும் இடம், பக்கவாட்டுச் சுழல் எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். கேவிட்டேஷனும் காற்று கலப்பதும் அந்த அளவில் சரியாகத் தெரியாது, அவற்றுக்கு ஆறாம் படியின் கணக்கைத்தான் நம்ப வேண்டும்.