மாடித்தோட்டக் குழுக்களில் கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சரி வைத்திருப்பவர்கள், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி விற்பவர்கள், மண்புழு உரம் தயாரிப்பவர்கள், விதை பாக்கெட் போடுபவர்கள் எல்லோரும் இணையத்தில் இயங்கும் மாடித்தோட்டக் குழுக்களுக்கு அவசியம் வர வேண்டும் என்பது என் கட்சி. நாங்கள் பத்துத் தொட்டிகளைப் பார்த்துவிட்டுப் பேசுகிறோம், நீங்கள் ஆயிரக்கணக்கான செடிகளைக் கையாள்கிறீர்கள். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வரும் செடிகளில் பலவற்றுக்கு வேரைச் சுற்றிக் களிமண் இறுகிக் கிடக்கும், அதை அப்படியே தொட்டியில் வைத்தால் ஊற்றுகிற தண்ணீர் வேருக்குப் போகாமல் ஓரமாகவே இறங்கிவிடும் என்பது தொழிலில் இருப்பவருக்கு சாதாரண விஷயம். அது தெரியாமல், ரோஜா காய்ந்ததும் தனக்குக் கைராசி இல்லை என்று தோட்டத்தையே கைவிட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட அறிவோடு வருகிற உங்களைக் கண்டாலே உறுப்பினர்கள் முகம் சுளிக்கும் நிலை பல குழுக்களில் வந்துவிட்டது. அதற்குக் காரணமான பழக்கங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாத் தவறுக்கும் தாய், தொழிலை மறைப்பது. வீட்டுத்தோட்டக்காரர் போலப் பேச்சில் கலந்துகொண்டு, நாலைந்து மாதம் நல்லபடியாகப் பதில் சொல்லி, பிறகு மெல்லத் தன் கடைப் பொருளையே "நான் பயன்படுத்திப் பார்த்தேன், அருமை" என்று எழுதுவது. விஷயம் வெளியே வந்த அன்று அந்த ஒரு பதிவோடு போவதில்லை. அதற்கு முன்னால் நீங்கள் சொன்ன சரியான பதில்களையும் எல்லோரும் சந்தேகத்தோடு திரும்பப் படிப்பார்கள். இத்தனைக்கும் இதைத் தவிர்ப்பது மிகவும் சுலபம். "நான் நர்சரி நடத்துகிறேன், இந்த உரத்தை நானும் விற்கிறேன்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், உங்கள் பேச்சுக்கு மதிப்புக்கூட ஏறும்.

இன்னும் மோசமானது இரண்டாவது கணக்கு. ஒரு பெயரில் "நல்ல க்ரோ பேக் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டு, இன்னொரு பெயரில் தன் கடையைச் சொல்வது, மச்சானையும் கடைப் பையனையும் திருப்தியான வாடிக்கையாளராக வந்து எழுத வைப்பது. இது மரியாதைக் குறைவு மட்டும் கிடையாது, சட்டமும் இதில் வருகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே பரிந்துரையின் மதிப்பைப் பாதிக்கக்கூடிய தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம்.

அடுத்தது, பொதுவில் பதில் சொல்லாமல் "இன்பாக்ஸ் வாங்க" என்று தனிச்செய்திக்குக் கூப்பிடுவது. இது தவறு என்றே பலருக்குத் தோன்றுவதில்லை, அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒருவர் செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று படம் போடுகிறார். கேட்டவர் ஒருவர்தான், ஆனால் அதே பூச்சியோடு அல்லாடிக்கொண்டு, கேட்கத் தயங்கி, பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆறு மாதம் கழித்துத் தேடிப் பார்ப்பவர்களும் உண்டு. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துப் பூச்சியை உதிர்க்க வேண்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும், வாரம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும், எறும்பு ஏறுவதைத் தடுக்காவிட்டால் பூச்சி திரும்பத் திரும்ப வரும். இவ்வளவுதான் பதில். இதைப் பொதுவில் எழுதிவிட்டு, கடைசியில் "வேப்பெண்ணெய் என்னிடமும் கிடைக்கும்" என்று ஒரு வரி சேர்த்தால் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. பதிலை உள்ளே இழுத்துக்கொண்டு போய் விலைப்பட்டியல் அனுப்புவதுதான் வலிக்கிறது. உங்களிடம் வாங்காதவருக்கும் உங்கள் பதில் பயன்பட வேண்டும்.

அப்புறம், பயமுறுத்தி விற்பது. கோகோபீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு அதிகமுள்ள கட்டிகள் சந்தையில் உண்டு, நார்மட்டையை உப்புநீரில் ஊறவைத்தால் உப்பு தங்கத்தான் செய்யும், இலை நுனி கருகும். இது உண்மை. இதைச் சொல்லிவிட்டு "அதனால் எங்கள் கட்டி மட்டும் வாங்குங்கள்" என்று முடிப்பது பாதி உண்மை. எந்தக் கடைக் கட்டியாக இருந்தாலும் நிறைய தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தால் உப்பு பெருமளவு இறங்கிவிடும், சந்தேகம் இருந்தால் உப்பின் அளவைக் காட்டும் மலிவான ஈசி மீட்டர் வைத்து அளந்து பார்க்கலாம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், உங்கள் கட்டியையும் அப்படி அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பத்துப் பதிவில் ஒன்றுக்கு மேல் சொந்தச் சரக்கைப் பற்றி இருக்கக்கூடாது என்று ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. நல்ல வழக்கம்தான், ஆனால் அதையும் வெறும் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு ஒன்பது இடத்தில் "சூப்பர்", "வாழ்த்துகள்" என்று போட்டுவிட்டுப் பத்தாவதாகக் கடை இணைப்பைக் கொண்டுவருகிறார்கள்.

விதைப் பகிர்வுக்காக உறுப்பினர்கள் கொடுத்த முகவரியையும் கைபேசி எண்ணையும் எடுத்துத் தன் விளம்பரப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நாட்டுக் கத்தரி விதை நாலு பேருக்குப் போகட்டும் என்று எண் கொடுத்த பெண்களுக்கு ராத்திரி பத்து மணிக்குத் தள்ளுபடிச் செய்தி வந்தால், அடுத்த முறை விதையே கேட்க மாட்டார்கள்.

அட்மின்களுக்கும் சொல்ல வேண்டும். கடைக்காரர் என்று தெரிந்ததும் நீக்குவது தவறு, அதுதான் அவரை அடுத்த முறை வேறு பெயரில் வரவைக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் விற்பனையாளர் என்று அடையாளம் போடுங்கள், விற்பனைப் பதிவுக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு கடையிலிருந்து இலவசமாக உரமூட்டை வாங்கிக்கொண்டு மற்றக் கடைகளின் பதிவை மட்டும் அழிக்கும் அட்மின், மேலே சொன்ன எல்லோரையும்விட அதிகக் கெடுதல் செய்கிறார்.

கடைசியாக, உங்கள் பொருளைப் பற்றிப் புகார் வந்தால் ஆள் சேர்த்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள், பதிவை நீக்கச் சொல்லி அட்மினைக் கெஞ்சாதீர்கள். முளைக்காத விதை எந்தத் தேதியில் பாக்கெட் போட்டது, எத்தனை விதை போட்டார், எவ்வளவு ஆழத்தில் போட்டார் என்று அங்கேயே, எல்லோர் முன்னாலும் கேளுங்கள். தவறு உங்கள் பக்கம் என்றால் அதையும் அங்கேயே எழுதி, வேறு பாக்கெட் அனுப்பி வையுங்கள்.