வெட்டிய கால், எடுத்த கட்டி, இறந்த உடல்: யார் பொறுப்பு, எந்தத் தாளில் கையெழுத்து?

உயிலில் எழுதிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். "என் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பீரோவில் பூட்டி வைப்பார்கள். அந்தப் பீரோ திறப்பது பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு. அதற்குள் அஸ்தியைக் கரைத்திருப்பார்கள். அன்றைக்கே திறந்தாலும் பெரிய பயன் இல்லை. உயில் சொத்துக்கானது, சட்டத்தின் கண்ணில் உடல் சொத்து இல்லை.

இது ஆங்கிலேயர் விட்டுப்போன கொள்கை. தன் உடலை எரிக்கச் சொல்லி ஒருவர் தோழியின் பெயருக்கு எழுதிவைத்தார். குடும்பத்தாரோ லண்டன் பிராம்ப்டன் கல்லறையில் புதைத்துவிட்டார்கள். தோழி உடலைத் தோண்டியெடுத்து, இத்தாலியின் மிலான் வரை கொண்டுபோய் எரித்துவிட்டு, ஆன செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். பிணத்தில் யாருக்கும் சொத்துரிமை கிடையாது, அதனால் அதை உயிலில் எழுதிக் கொடுக்கவும் முடியாது என்று 1882இல் தீர்ப்பு வந்தது. அதுதான் வில்லியம்ஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கு.

எனவே "யாருக்குச் சொந்தம்" என்பதை ஓரமாக வைத்துவிட்டு, "இப்போது யார் கைவசம் இருக்கிறது, அவர் எந்தத் தாளைக் கேட்பார்" என்று யோசிப்பதே வேலைக்கு ஆகும். கீழே உள்ளவை இந்தியாவுக்கும், குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கும் பொருந்துபவை.

வெட்டியெடுத்த கால்

சர்க்கரை நோயில் அழுகிய காலோ, விபத்தில் நசுங்கிய கையோ, அறுவை அரங்கில் உடம்பிலிருந்து பிரிந்த உடனே மஞ்சள் பைக்குள் போகும். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் அதற்குப் பெயர் மனித உடற்கூறு கழிவு. பையில் பார்கோடு ஒட்டி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்து வண்டியில் ஏற்றி, எரிஉலைக்கு அனுப்புவார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. வண்டி போன பிறகு யாரைக் கேட்டாலும் கிடைக்காது. 

அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் நிறைய உண்டு, முக்கியமாக இஸ்லாமியக் குடும்பங்கள். அந்த விதிகளில் இதற்கென்று படிவம் எதுவும் இல்லை; கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அறுவைக்கு முந்தைய நாளே சர்ஜனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் நோயாளியின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), எந்த உறுப்பு, எங்கே அடக்கம் செய்யப் போகிறீர்கள், யார் வாங்கிக்கொள்வார் என்று எழுதி, ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அதிகாரி) அல்லது மருத்துவமனை நிர்வாகியிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நோயாளி நினைவோடு இருந்தால் கையெழுத்து அவருடையதாகவே இருக்கட்டும். "சம்மதப் படிவத்திலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்" என்று நர்ஸிடம் கேளுங்கள். அரங்குக்குள் இருப்பவர் பார்ப்பது அந்தப் படிவத்தைத்தான், ஆபீஸில் கொடுத்த கடிதத்தை அல்ல. கேட்டும் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மறுக்கக்கூடிய காரணங்கள் மூன்று. கடுமையான தொற்று இருப்பது ஒன்று. பரிசோதனைக்கு முழுப் பாகமும் தேவைப்படுவது இன்னொன்று. மூன்றாவது, போலீஸ் வழக்கு (எம்.எல்.சி.): அப்படியானால் காவல் நிலையத்துக்குத் தெரியாமல் எதுவும் வெளியே வராது. கிடைத்துவிட்டால் அன்றே அடக்கம் செய்துவிடுங்கள். கசியாத இரண்டு அடுக்கு உறையில் கேட்டு வாங்குங்கள், மருத்துவமனை கொடுத்த கடிதத்தைக் கையிலேயே வைத்திருங்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால் அது இல்லாமல் விளக்கம் சொல்லி மாளாது.

கருச்சிதைவில் வெளியேறிய, பிழைக்கும் வளர்ச்சி எட்டாத கருவும் இதே மஞ்சள் பட்டியலில்தான் வருகிறது. வேண்டும் என்றால் அதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும்.

பயாப்சிக்கு எடுத்த துண்டு

எடுத்த கட்டியில் ஒரு பகுதியை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக்கி வைப்பார்கள். அதுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேட்கப் போகிறவர்கள் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய், "ஸ்லைடு எங்கே?" என்ற கேள்வியோடு திரும்பி வருகிறார்கள். நோயியல் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, லேப் எண்ணையும் அடையாள அட்டை நகலையும் இணைத்து, ஸ்லைடு, பிளாக் இரண்டையும் கேளுங்கள். புற்றுநோய் என்றால் பிளாக்தான் முக்கியம். புதிய சாயப் பரிசோதனைக்கு அதிலிருந்துதான் சீவ முடியும். சில இடங்களில் மூலத்தைத் தராமல் புதிதாகச் சீவிய ஸ்லைடு தருவார்கள், அதுவும் போதும். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. கடிதத்தில் தேதி போடுவது அதற்காகவே.

மிச்சத் திசுவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்ற வரி சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். விருப்பமில்லை என்றால் அந்த வரியை மட்டும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடலாம். சிகிச்சைக்கான சம்மதம் அப்படியே நிற்கும். பின்னால் பங்கு கேட்பது எளிதல்ல. அமெரிக்காவில் 1976இல் ஜான் மூர் என்பவருக்கு எடுத்த மண்ணீரலிலிருந்து பல்கலைக்கழகம் செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல்கள்) ஒன்றை உருவாக்கிக் காப்புரிமை வாங்கியது. அந்தச் செல்களில் அவருக்குச் சொத்துரிமை இல்லை என்று 1990இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லாமல் மறைத்ததற்காக வழக்குத் தொடரலாம் என்ற அளவில் மட்டும் கதவு திறந்தது.

உயிரோடு இருப்பவர் கொடுக்கும் சிறுநீரகம்

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது, 2011இல் திருத்தப்பட்டது, விதிகள் 2014இல் வந்தன. கொடுக்கலாம், விற்க முடியாது. விற்றாலும், வாங்கினாலும், தரகு பார்த்தாலும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். (தலைமுடிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. திருப்பதியில் காணிக்கையாக விழுந்த முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விடுகிறது. ஒரே உடம்பில் இரண்டு நீதி.)

நெருங்கிய உறவினர் என்று சட்டம் சொல்வது கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. அவ்வளவுதான். தாய்மாமன், அத்தை, சித்தப்பா, மருமகன், மச்சினன் யாரும் இதில் இல்லை. ஊரே அறிந்த சொந்த மாமனாக இருந்தாலும் உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழுவின் முன் போய், பாசத்தால்தான் கொடுக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். படிவம் 1 நெருங்கிய உறவினருக்கு, 2 கணவன் மனைவிக்கு, 3 மற்றவர்களுக்கு. கொடுப்பவரும் பெறுபவரும் சேர்ந்து கொடுக்கும் விண்ணப்பம் படிவம் 11. குழுவின் நேர்காணல் வீடியோவில் பதிவாகும். கொடுப்பவரின் வருமானத்தையும் பெறுபவரின் வருமானத்தையும் ஒப்பிட்டுக் கேட்பார்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகம் பற்றி 2025இல் எழுந்த புகார்கள் காட்டியது, காகிதத்தில் உறவு உண்டாக்குவது எவ்வளவு சுலபம் என்பதை. கடனுக்கு ஈடாகச் சிறுநீரகம் கேட்பவரிடம் கையெழுத்துப் போட்டால் கொடுத்தவரும் குற்றவாளிதான்.

கத்தி வைக்கும் வரை மனம் மாறலாம். அரங்க வாசலில் "வேண்டாம்" என்றாலும் செல்லும். உறவினர் எதிரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பொருத்தமில்லை என்று மருத்துவக் காரணம் சொல்லி அவர் முடித்துவைப்பார்.

மூளைச்சாவும் படிவம் 7ம்

வாழும்போதே உறுப்பு தானத்துக்குச் சம்மதம் தரும் தாள் படிவம் 7. இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். ஆதார் வழியே இணையத்தில் பதிவு செய்யும் வசதியும் உண்டு. ஓட்டுநர் உரிம விண்ணப்பத்திலும் இதற்கு ஒரு கேள்வி இருக்கிறது.

இப்படி எழுதிக்கொடுத்திருந்தால், உடலைக் கைவசம் வைத்திருப்பவர் உறுப்பை எடுக்க வசதி செய்து கொடுக்கத்தான் வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை வேறு. மனைவியோ மகனோ வேண்டாம் என்று ஐ.சி.யூ. வாசலில் நின்றால் எந்த மருத்துவமனையும் கை வைக்காது. படிவம் 7 கையில் இருந்தாலும் குடும்பத்தாரிடம் படிவம் 8இல் கையெழுத்துக் கேட்பார்கள். ஆகவே அட்டையை வாலட்டில் வைப்பதைவிட, சாப்பாட்டு நேரத்தில் நாலு முறை வீட்டில் சொல்லி வைப்பது பலமான ஆவணம்.

மூளைச்சாவு என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட முடியாது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துப் படிவம் 10இல் கையெழுத்திட வேண்டும். இந்த இடைவெளியில்தான் குடும்பம் குழம்புகிறது. வென்டிலேட்டரில் மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, மானிட்டரில் துடிப்பு ஓடுகிறது. முதல் சோதனையின் தேதியும் நேரமும், இரண்டாவதின் தேதியும் நேரமும் தனித்தனியாக எழுதியிருப்பதைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. யாருக்கு உறுப்பு போகும் என்பதை மருத்துவமனை தீர்மானிப்பதில்லை. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் காத்திருப்போர் பட்டியல்தான் தீர்மானிக்கும். விபத்து வழக்கு என்றால் போலீஸ் அனுமதி பெற்று உறுப்பை எடுத்து, பிரேதப் பரிசோதனையையும் முடித்துத்தான் உடல் வரும். அரை நாளாவது கூடுதலாகும் என்று ஊரில் காத்திருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 2023 செப்டம்பர் முதல் உறுப்பு கொடுத்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடக்கிறது.

கண் தனி விஷயம். வீட்டில் இயற்கையாக இறந்தவரும் கொடுக்கலாம், எந்த வயதும் தடையில்லை, கண்ணாடி போட்டவரும் கண்புரை அறுவை செய்தவரும் கொடுக்கலாம். 4 முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண் வங்கிக்குப் போன் போட்டதும் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, தலைக்கு அடியில் தலையணை வைத்துச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். விசிறிக் காற்றில் கருவிழி காய்ந்துவிடும். வெயில் நாளில் கூட்டம் கூடி விசிறியை மறுபடி போட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

முழு உடலும் கல்லூரிக்கு

உயிலுக்குப் பதில் செய்ய வேண்டியது இது. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு நேரில் போய்ப் படிவம் வாங்குங்கள். போட்டோ, ஆதார் நகல், இரண்டு சாட்சிகள், வாரிசுகளின் சம்மதம் என்று கேட்பார்கள். கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்குங்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடமும்.

ஏன் என்பதற்குக் கேரளத்தில் நடந்தது போதும். மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் காலமானார். உடலைக் கல்லூரிக்குக் கொடுப்பது அவர் விருப்பம் என்றார் மகன். கிறித்தவ முறைப்படி அடக்கம் வேண்டும் என்றார் மகள். எழுத்தில் எதுவும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் இரண்டு கட்டம் தாண்டி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; 2025 ஜனவரியில் அது தலையிட மறுத்தது. கல்லூரி பக்கமே தீர்ப்பு வந்தாலும் அதுவரை உடல் மார்ச்சுவரியில் கிடந்தது.

இறந்த அன்று முதலில் துறைக்குப் போன், அடுத்து வீட்டுக்கு மருத்துவரை அழைத்து இறப்புக்கான காரணச் சான்று (வீட்டில் இறந்தால் படிவம் 4ஏ). பலர் மாலை போட்டு, படம் எடுத்து, சாயங்காலம் வரை வைத்திருந்துவிட்டுப் பிறகு கேட்கிறார்கள். ஃபார்மலினை ரத்தக் குழாய் வழியே செலுத்தித்தான் உடலைப் பதப்படுத்துவார்கள். அழுகத் தொடங்கியிருந்தால் அது உள்ளே பரவாது. சில மணி நேரத்துக்கு மேல் வைப்பதென்றால் ஐஸ் பெட்டி கட்டாயம். பிரேதப் பரிசோதனை நடந்த உடல், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, காசநோய் போன்ற தொற்றுள்ள உடல் ஆகியவற்றைத் திருப்பி அனுப்புவார்கள். உள்ளுறுப்பு எடுத்த உடலையும் பொதுவாக வாங்குவதில்லை, கண் மட்டும் எடுத்திருந்தால் தடையில்லை. தற்கொலை, விபத்து, சந்தேக மரணம், திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் முதலில் விசாரணை. தானப் பேச்சு அன்றைக்கு எடுபடாது. மாற்று ஏற்பாடாகச் சுடுகாட்டுக்கும் சொல்லி வைப்பது புத்திசாலித்தனம்.

மருத்துவமனையில் இறந்து, பில் பாக்கி இருக்கிறது என்று உடலைத் தர மறுத்தால் அது சட்டத்துக்குப் புறம்பு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளி உரிமைச் சாசனத்தில் உடலைப் பெறும் உரிமை தெளிவாக இருக்கிறது. பாக்கி தனிக் கணக்கு, உடல் தனி. அப்படிச் சொல்லி எழுத்தில் மறுப்பைக் கேளுங்கள்; பெரும்பாலும் அந்த இடத்திலேயே இறங்கி வருவார்கள்.

உறைய வைத்த விந்தணுவுக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறுகிறது. இறந்த மகனின் சேமித்த விந்தணுவைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும்படி 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அதை அவருடைய உடைமையாகவே கருதி. புற்றுநோய் சிகிச்சைக்கு முன் சேமிப்பவர்கள், தாம் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடக் கூடாது.

கல்லூரிக்குக் கொடுத்த உடல் திரும்பி வராது, பல இடங்களில் அஸ்தியும் கிடைக்காது. வாங்கிக்கொண்டதற்கான சான்றிதழை அன்றே கேட்டு வாங்குங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சுடுகாட்டு ரசீது கேட்கும் அலுவலகத்தில் உங்களிடம் காட்ட இருப்பது அந்த ஒரு தாள்தான்.