பிரெட் மேக்கர் வாங்கும் முன் ஒரு மாதம் கணக்கு எழுதிப் பாருங்கள்

பிரெட் மேக்கர், அதாவது பொருட்களைப் போட்டால் தானே பிசைந்து உப்பவைத்துச் சுட்டுத் தரும் மெஷின், வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை பிரெட் தீர்கிறது என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது, இல்லையென்றால் "நிறைய தீரும்" என்று வரும். "நிறைய" என்று சொல்லித்தான் நானும் வாங்கினேன். முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது, வீடே மணந்தது, வந்தவர் போனவருக்கெல்லாம் ஒரு துண்டு. மூன்றாவது மாதம் வாரத்துக்கு ஒருமுறை ஆனது, ஆறாவது மாதம் பரணுக்குப் போய்விட்டது. ஆசை அறுபது நாள் என்று சும்மாவா சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து அதைத் திரும்பவும் கீழே இறக்கினேன், இப்போது வாரத்துக்கு மூன்று முறை ஓடுகிறது, ஆனால் முதலில் எதற்காக வாங்கினேனோ அதற்காக ஓடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்கு, புது பிரெட் பாக்கெட்டைப் பிரித்த தேதி, அது தீர்ந்த தேதி, காய்ந்துபோய் அல்லது பூசணம் பிடித்துத் தூக்கிப்போட்ட துண்டுகள் எத்தனை, என்ன மாதிரி பிரெட், இவ்வளவும் எழுதுங்கள். எத்தனை பாக்கெட் என்பதைவிட ஒரு பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது என்பதுதான் முக்கியம். கடை பிரெட் ஒரு வாரம் மெத்தென்று இருப்பதற்கு அதில் சேர்க்கும் பதப்பொருட்களும் மென்மையாக வைக்கும் பொருட்களும் காரணம். வீட்டில் சுடுவதில் அவை கிடையாது, அதனால் மூன்றாம் நாள் டோஸ்ட் போட்டால்தான் நன்றாக இருக்கும். இங்கே பலர் செய்யும் தவறு, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைப்பது. பிரெட் காய்ந்துபோவதாக நமக்குத் தெரிந்தாலும், அதில் பாதி வேலை உள்ளே ஸ்டார்ச் திரும்பவும் படிகமாகி இறுகுவது, ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் அது வெளியில் இருப்பதைவிட வேகமாக நடக்கும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தேவைக்கு ஒவ்வொன்றாக எடுத்து டோஸ்ட் செய்தால் பிரச்சினை இல்லை. இந்தப் பழக்கம் வரும் என்று தோன்றினால் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் மெஷின் ஒத்துவரும். வராது என்றால் மெஷின் வாங்கினாலும் தூக்கிப்போடுவதுதான் அதிகமாகும்.

அப்புறம், அது சுடும் பிரெட் உங்களுக்குப் பிடிக்குமா? பலரும் வாங்கிய பிறகுதான் இதைப் பற்றியே யோசிக்கிறார்கள். பிரெட் மேக்கரில் வருவது உயரமான பெட்டி வடிவம், உள்ளே மிருதுவாக, நெருக்கமாக இருக்கும், பக்கவாட்டில் மேலோடு கொஞ்சம் தடிமன், மேல்பக்கம் சற்று வெளிறியே இருக்கும், ஏனென்றால் பெரும்பாலான மெஷின்களில் சூடேற்றும் கம்பி கீழ்ப்பகுதியில் பாத்திரத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. அடியில் பிசையும் துடுப்பு பதிந்த ஓட்டை ஒன்று இருக்கும், சில நாள் துடுப்பே பிரெட்டுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரும். டோஸ்ட், சாண்ட்விச் இவற்றுக்கு அருமை. ஆனால் கடித்தால் நொறுங்கும் மேலோடும் உள்ளே பெரிய பெரிய துளைகளும் உள்ள பிரெட்தான் உங்கள் ஆசை என்றால், அதற்கு 220 முதல் 250 டிகிரி செல்சியஸ் சூடும் ஆரம்பத்தில் நீராவியும் வேண்டும், இந்தப் பெட்டியால் அது முடியாது. எவ்வளவு விலை உயர்ந்த மாடலாக இருந்தாலும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு மோட்டார், ஒரு ஹீட்டர், சூட்டை அளக்க ஒரு சென்சார், ஒரு கடிகாரம், அவ்வளவுதான். சாதாரண புரோகிராம் 3 முதல் 4 மணி நேரம் ஓடும். அதில் பிசைவது மொத்தமாக 20, 30 நிமிடம், கடைசியில் சுடுவது ஏறக்குறைய ஒரு மணி நேரம், மீதி முழுவதும் இதமான சூட்டில் மாவு உப்பக் காத்திருப்பது. இப்படி ஒன்று வீட்டுக்கு வந்தது 1987ல், ஜப்பானில், இன்று பானசோனிக் என்று அறியப்படும் மட்சுஷிதா நிறுவனத்திலிருந்து. ஆரம்பத்தில் மெஷின் பிசைந்த மாவு வெளியே வெந்து உள்ளே வேகாமல் வந்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் மென்பொருள் ஆள் ஒருவர் ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் போய்த் தொழில் கற்று, அவர் மாவைப் பிசையும்போது இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்பதைக் கண்டுபிடித்து வந்த பிறகுதான் பாத்திரத்தின் உள்சுவரில் விலா எலும்பு மாதிரி மேடுகள் வைத்துச் சரிசெய்தார்கள்.

ஆக, கைவேலையை மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று. ஆனால் ஒரு பேக்கர் விரலால் அழுத்திப் பார்த்து "இன்னும் பத்து நிமிடம் போகட்டும்" என்று சொல்வாரே, அது சாதாரண மெஷினுக்கு வராது. கடிகாரம் சொன்னால் சுட ஆரம்பித்துவிடும். வெயில் காலத்தில் மாவு அளவுக்கு மீறி உப்பிச் சுடும்போது நடுவில் பள்ளம் விழுவதும், குளிரில் கல் மாதிரி வருவதும் இதனால்தான். வாங்கியவர்கள் மெஷின் சரியில்லை என்று முடிவுகட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில். வெயிலில் ஜில் தண்ணீர் ஊற்றி ஈஸ்ட்டைக் கொஞ்சம் குறையுங்கள், குளிரில் வெதுவெதுப்பான தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலாக, சமையல் தராசு ஒன்று வேண்டும். ஒரு கப் மாவு என்பது அள்ளும் விதத்தைப் பொறுத்து 120 கிராமும் வரும் 150 கிராமும் வரும், அந்த வித்தியாசம் ஒரு பிரெட்டைக் கெடுக்கப் போதும். தராசு வாங்க மனமில்லாதவர்கள் மெஷினும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நான் அடிப்படையாக வைத்திருக்கும் அளவு: 400 கிராம் மாவு, 250 மில்லி தண்ணீர், 7 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய் அல்லது எண்ணெய். பிசைய ஆரம்பித்து பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள், அந்தக் கட்டத்தில் திறப்பதால் ஒன்றும் ஆகாது. மாவு ஒரே உருண்டையாகத் திரண்டு, தொட்டால் லேசாக ஒட்டிப் பிரிய வேண்டும். உதிரியாக இருந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர், கூழாக இருந்தால் ஒரு ஸ்பூன் மாவு. மாவில் புரதம் 11, 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நன்றாக எழும்பும், பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். முழுக் கோதுமையில் மட்டும் செய்தால் தவிடு உப்பவிடாது, தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும், அதனால் பாதிக்குப் பாதி மைதா கலந்து ஆரம்பிப்பது நல்லது. "ஆரோக்கியமாகச் சாப்பிடத்தான் வாங்குகிறேன்" என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், முதல் முழுக் கோதுமை பிரெட்டைப் பார்த்து மனம் உடைந்தவர்களில் நானும் ஒருவன்.

காசு மிச்சமாகுமா என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறும், ஆனால் கணக்கு ஒன்றுதான். மெஷின் விலை எத்தனை கடை பிரெட்டுக்குச் சமம் என்று பாருங்கள். 100 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சுடும்போது மாவு, ஈஸ்ட், கரண்டு எல்லாம் சேர்த்துக் கடை விலையில் பாதி ஆகிறதென்றால், போட்ட பணம் திரும்ப 200 பிரெட் சுட வேண்டும். வாரத்துக்கு இரண்டு என்றால் ஏறக்குறைய இரண்டு வருடம், வாரத்துக்கு ஒன்று என்றால் நான்கு வருடம், அதற்குள் பாத்திரத்தின் நான்ஸ்டிக் பூச்சு போயிருக்கும். கடையில் வாங்குவது மலிவான சாதாரண பிரெட் என்றால் மிச்சமே வராது. விலை கூடிய தானிய பிரெட், விதைகள் போட்ட பிரெட் வாங்கும் வீடுகளில்தான் கணக்கு சீக்கிரம் நேராகும். கரண்டைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம், ஒரு பிரெட்டுக்குப் பொதுவாக அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு பிரெட்டுக்காக மட்டும் பெரிய ஓவனைச் சூடாக்கினால் அதைவிடக் கூடவே ஆகும்.

வீட்டில் ஓவன் இருக்கிறதா? இருந்தால், மெஷினுக்குக் காசு போடும் முன்னால் ஒரே ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள். 400 கிராம் மாவு, 300 மில்லி தண்ணீர், 8 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் ஈஸ்ட், கரண்டியால் கலந்து மூடி 12 முதல் 18 மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள் (வெயில் காலத்தில் அதற்கு முன்பே தயாராகிவிடும்). பிசையவே வேண்டாம், நேரமே அந்த வேலையைச் செய்துவிடும். பிறகு மடித்து உருண்டையாக்கி ஒரு மணி நேரம் விட்டு, ஓவனிலேயே 230 டிகிரியில் காய்ந்த கனமான மூடி போட்ட இரும்புப் பாத்திரத்தில் போட்டு, மூடியோடு 30 நிமிடம், மூடி இல்லாமல் 15 நிமிடம். இது உங்களுக்குப் பிடித்துப்போனால் மெஷினை மறந்துவிடலாம். ஓவனே இல்லாத வீடு என்றால் கதை வேறு, ஓவன் வைக்க இடமும் செலவும் யோசிப்பவர்களுக்கு இந்தச் சின்னப் பெட்டி முழு வேலையையும் முடித்துக்கொடுக்கும்.

நான் பரணிலிருந்து இறக்கியதற்குக் காரணம், மாவு மட்டும் பிசையும் புரோகிராம். ஒன்றரை மணி நேரம் போலப் பிசைந்து முதல் முறை உப்பவைத்து நிறுத்திவிடும். எடுத்து பன், பீட்சா என்று எப்படி வேண்டுமோ அப்படி உருட்டி ஓவனில் சுட்டுக்கொள்வேன். ஓட்டை இல்லை, பெட்டி வடிவம் இல்லை, மேலோடு நன்றாகச் சிவக்கிறது, கை வலிக்கவும் இல்லை. ஓவன் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு புரோகிராமுக்காகவே வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஸ்டாண்ட் மிக்சரும் (கிண்ணத்தோடு மேடையில் நிற்கும் பிசையும் மெஷின்) பிசையுமே என்றால், ஆமாம், பிசையும், கேக்குக்கும் உதவும். ஆனால் போட்டுவிட்டு வெளியே போக முடியாது, உப்புவதற்கான இதமான சூட்டையும் அது தராது.

டைமரை நம்பி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி எல்லாவற்றையும் போட்டுவைத்துக் காலையில் சூடான பிரெட் என்பது உண்மைதான், நடக்கும். ஆனால் அது விடியற்காலை மூன்று மணிக்குக் கடகடவென்று பிசையும், சமையலறைக்கு அடுத்த அறையில் தூங்குபவர்கள் என்ன சொல்வார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டைமர் வைக்கும்போது பால், முட்டை போடக்கூடாது, மணிக்கணக்கில் வெளியில் கிடந்து கெட்டுப்போகும். தண்ணீர் கீழே, மாவு மேலே, அதன் மேல் நனையாமல் ஈஸ்ட், உப்பு ஒரு மூலையில் தனியாக. சில மாடல்களில் இந்த வரிசை தலைகீழ், கையேட்டைப் பாருங்கள்.

இடம். ஐந்து முதல் ஏழு கிலோ இருக்கும், மூடி மேல்பக்கம் திறக்கும், மேலே அலமாரி இருந்தால் இடிக்கும், ஆவியும் அடிக்கும். மேடையில் நிரந்தரமாக வைக்க இடம் இல்லையென்றால் வாங்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் தூக்கி இறக்க வேண்டிய எதையும் ஆறு மாதத்துக்கு மேல் யாரும் தூக்கி இறக்குவதில்லை.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டால் புரோகிராம் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 19 இருந்தாலும் 25 இருந்தாலும் நீங்கள் தொடப்போவது மூன்றோ நான்கோதான். பாருங்கள் என்று நான் சொல்வது: துடுப்பும் பாத்திரமும் தனியாக வாங்கக் கிடைக்கிறதா (முதலில் போவது அவைதான்), கரண்டு போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, எத்தனை நிமிடம் வரை தொடரும், சின்ன அளவு பிரெட் ஒழுங்காக வருமா. பெரிய பாத்திரத்தில் கொஞ்சம் மாவு போட்டால் ஒரு மூலையில் ஒதுங்கிக் கோணலாக வேகும். நேரத்தையும் சூட்டையும் நாமே வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் கடை ஈஸ்ட் இல்லாமல் தானாகப் புளிக்கவைத்த மாவில் (சவர்டோ) சுடுபவர்களுக்கு உதவும், ஏனென்றால் அந்த மாவு உப்ப எடுக்கும் நேரம் சாதாரண ரெடிமேட் புரோகிராம்களில் அடங்காது.

பழையது வாங்கினாலும் தப்பில்லை, என்னைப் போல பரணில் போட்டவர்கள் ஏராளம் என்பதால் அதிகம் ஓடாததே கிடைக்கும். பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஒரு தாளின் மேல் வைத்துப் பாருங்கள், அடியில் துடுப்பு மாட்டும் அச்சு வழியாகக் கசிந்தால் வேண்டாம். பூச்சு உரிந்திருந்தாலும் வேண்டாம். வீட்டில் யாருக்காவது சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத நோய்) இருந்து குளூட்டன் இல்லாத பிரெட்டுக்காக வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் பழையது கூடவே கூடாது, இடுக்கில் ஒட்டியிருக்கும் கோதுமை மாவே போதும். அவர்களுக்கு நான் மேலே சொன்ன காசுக் கணக்கும் பொருந்தாது, குளூட்டன் இல்லாத புரோகிராம் உள்ள புது மெஷினைத் தாராளமாக வாங்கலாம்.

மாதம் முடிந்ததும் தாளைக் கழற்றிப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்றுகூடத் தீரவில்லை என்றால் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு, அதற்கு மேல், அதுவும் மூன்று நாளுக்குள் தீர்கிறது என்றால் வாங்கலாம். இரண்டுக்கும் நடுவில் தொங்கினால் தெரிந்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் ஒன்று கட்டாயம் தூங்கிக்கொண்டிருக்கும், மூன்று வாரம் இரவல் வாங்கி ஓட்டுங்கள். வாங்கும்போது துடுப்பு இருக்கிறதா என்று பாத்திரத்துக்குள் கைவிட்டுப் பார்த்துவிடுங்கள். அதை மட்டும் எல்லோரும் எங்கேயோ தொலைத்திருப்பார்கள்.