'ஷேக் ஆயிடுச்சு ஜி': கிரியேட்டிவ் படங்களுக்குக் கருத்துச் சொல்லும்போது நேரும் தவறுகள்

கல்யாணம், பறவை, கோயில் விழா என்று உள்ளதை உள்ளபடி காட்டும் புகைப்படங்களுக்குக் கருத்துச் சொல்வது ஓரளவு சுலபம். கண் ஃபோகஸில் இருக்கிறதா, அடிவானம் நேராக இருக்கிறதா, வெள்ளை வேட்டியில் மடிப்பு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுத்த படம், இரண்டு ஃப்ரேமை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிய படம், முக்கால்வாசியை இருட்டாகவே விட்ட படம் என்று கிரியேட்டிவ் படங்கள் வரும்போதுதான் சிக்கல். அதே அளவுகோலோடு போனால், எடுத்தவர் பாடுபட்டுக் கொண்டுவந்த விஷயத்தையே குறை என்று சொல்லிவிடுவோம். 1950களில் புகைப்படக் கலைஞர் எர்ன்ஸ்ட் ஹாஸ் ஸ்பெயினின் காளைச் சண்டைகளை மெதுவான ஷட்டரில் (ஷட்டரை வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்துவைத்து), கலரில் எடுத்தார். காளையும் வீரரும் வண்ணத் தீற்றல்களாகக் கரைந்துபோன படங்கள் அவை. ஷார்ப்பா இல்லையா என்ற ஒரே கேள்வியை வைத்திருந்தால் குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும்.

நோக்கத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது

படத்தைத் திறந்ததும், தலைப்பையோ விளக்கத்தையோ படிக்காமல் இருபது விநாடி பாருங்கள். கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே, எந்த ஓரம் வழியாக வெளியேறியது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடுத்தவரிடம் ஒரே கேள்வி: "இதுல எது முதல்ல கண்ணுல படணும்னு நெனச்சீங்க?" 'ஏன் இப்படி எடுத்தீங்க?' என்று கேட்டால் வாதாடத் தொடங்குவார், அல்லது அன்றைய பயணக் கதையைச் சொல்வார். முதல் கேள்விக்கு வரும் பதிலை உங்கள் கண் போன பாதையோடு ஒப்பிட முடியும். அவர் நடனக்காரியின் கையைச் சொல்கிறார், உங்கள் கண்ணோ மேல் மூலையில் எரியும் டியூப்லைட்டுக்குப் போயிருக்கிறது என்றால், சொல்ல வேண்டிய கருத்து அதுதான்.

அரைகுறையைக் கண்டுபிடிக்காமல் விடுவது

கிரியேட்டிவ் படங்களில் அதிகம் தென்படும் குறை, விதியை மீறியது அல்ல. போதுமான அளவு மீறாதது. அடிவானம் 3 டிகிரி சாய்ந்தால் கவனக்குறைவு போலத் தெரியும், 20 டிகிரி சாய்ந்தால் வேண்டுமென்றே செய்தது என்று யாரும் புரிந்துகொள்வார்கள். தென்னந்தோப்பில் கேமராவை அசைத்து 1/30 விநாடியில் எடுத்தால் கை நடுங்கியது போல இருக்கும். அதையே 1/4 முதல் 1 விநாடி வரை கொண்டுபோய், மரத்தின் போக்கிலேயே மேலிருந்து கீழாக இழுத்தால் தண்டுகள் தூரிகைக் கோடுகளாக நீளும். பக்கவாட்டில் இழுத்தால் ஒன்றோடொன்று கலந்து கஞ்சியாகிவிடும். பக்கவாட்டு அசைவு கடலுக்கும் வயலுக்கும்தான் பொருந்தும். பகல் வெளிச்சத்தில் அவ்வளவு மெதுவாகப் போக லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும், 6 ஸ்டாப் (வெளிச்சத்தை ஆறு முறை பாதியாக்குவது) போதும்.

எனவே இத்தகைய படத்துக்கு 'இன்னும் போங்க, இல்லன்னா முழுசா திரும்பி வாங்க' என்பதே பல நேரம் சரியான ஆலோசனை. ஆனால் சும்மா 'இன்னும் போல்டா பண்ணுங்க' என்று நிறுத்திக்கொண்டால் பயனில்லை. எந்த அமைப்பை, எவ்வளவு மாற்றுவது என்று சொல்ல வேண்டும்.

அறிகுறியோடு நின்று, காரணத்தைச் சொல்லாதது

'ஏதோ மிஸ் ஆகுது', 'ஃபீல் வரல', 'கம்போசிஷன் கொஞ்சம் பாருங்க ப்ரோ'. இவற்றைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் எதை மாற்றுவார்? எந்த இடம், அது பார்ப்பவரை என்ன செய்கிறது, ஏன் அப்படி ஆனது, என்ன செய்யலாம் என்ற நான்கும் இருந்தால்தான் அது கருத்து.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். இரவில் தீப்பந்தச் சிலம்பம், 1/4 விநாடி, ஃப்ளாஷும் உண்டு. ஆடுபவர் வலப்பக்கம் பாய்கிறார், உருவம் தெளிவாக நிற்கிறது, ஆனால் நெருப்புக் கோடு அவருக்கு முன்னால் ஓடுகிறது. பார்க்க அவர் பின்வாங்குவது போல இருக்கிறது. 'லைட் ட்ரெயில் சரியா வரல' என்று சொன்னால் எடுத்தவருக்கு அது முன்பே தெரியும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தீக்கோடு அவருக்கு முன்னாடி போறதால பாய்ச்சலோட வேகம் செத்துடுது. ஷட்டர் திறந்த உடனே ஃப்ளாஷ் அடிச்சிருக்கு, அவர் நகர்ந்தது அதுக்கப்புறம் பதிவாகியிருக்கு. ரியர் கர்ட்டன் சிங்க்ல வச்சா ஷட்டர் மூடறதுக்கு முன்னாடி ஃப்ளாஷ் அடிக்கும், கோடு பின்னால விழும். ஆனா எந்த நொடியில உருவம் உறையும்னு கணிக்கிறது கஷ்டம், நிறைய ஷாட் எடுக்க வேண்டியிருக்கும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தீர்வுக்குள்ள விலையையும் சொன்னால்தான் அவர் அடுத்த முறை ஏமாறமாட்டார்.

ஃப்ரேம்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றும் மல்டிபிள் எக்ஸ்போஷரிலும் இப்படித்தான். நிழலுருவத்துக்குள் இலை, பூ என்று நிரப்பும் படம் வெளிறிப்போனால் பலரும் 'கான்ட்ராஸ்ட் ஏத்துங்க' என்று முடித்துவிடுகிறார்கள். வெளிறல் எங்கே என்று பாருங்கள். உருவத்துக்குள் இலை மங்கலாகத் தெரிந்தால், முதல் ஃப்ரேமில் ஆள் போதிய அளவு கறுப்பாக இல்லை, முன்பக்கம் வெளிச்சம் பட்டிருக்கிறது. உருவத்துக்கு வெளியே வானத்தில் இலை கசிந்தால், வானம் போதிய அளவு வெள்ளையாகவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

'எடிட்டிங் ஓவர்' என்பது

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் எடுத்த நிலவு உதயப் படத்தின் ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டார். ஆரம்பப் பிரிண்ட்களில் வெளிர் மேகங்களோடு இருந்த வானம், பிந்தியவற்றில் ஏறக்குறைய கரிய திரையாகிவிட்டது. ஆகவே எடிட்டிங் அதிகமா குறைவா என்பதைக் கேள்வியாக்க வேண்டாம். தடயம் தெரிகிறதா, அது படத்துக்கு உதவுகிறதா என்று பாருங்கள். கோபுர விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுகிறதா? விளிம்புகளைத் துலக்கிக் காட்டும் க்ளாரிட்டி கூடிவிட்டது, அல்லது வானத்தை மட்டும் திருத்தப் போட்ட மாஸ்க்கின் விளிம்பு சரியாக உட்காரவில்லை. முகம் ஆரஞ்சாகிவிட்டதா? எல்லா நிறங்களையும் ஒன்றாக அடர்த்தியாக்கும் சாச்சுரேஷனைக் குறைத்துவிட்டு, வேண்டுமானால் மங்கிய நிறங்களை அதிகம் தூக்கும் வைப்ரன்ஸைத் தொடச் சொல்லலாம்.

இதைச் சொல்வதற்கு முன் உங்கள் திரையையும் சந்தேகியுங்கள். இரவில் மொபைலின் மஞ்சள் மோடு ஓடிக்கொண்டிருக்க, 'டோன் ரொம்ப வார்ம்' என்று எழுதுபவர்கள் ஏராளம். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக வந்த படம் சுருக்கப்பட்டிருக்கும். வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது அதனாலும் இருக்கலாம். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி, நடுத்தர வெளிச்சத்தில் முழுத் திரையில் ஒரு முறை, 100 சதவீதத்தில் ஒரு முறை பாருங்கள். நிறங்கள் ஒட்டுமொத்தமாகச் செத்துக் கிடந்தால், அடோபி ஆர்.ஜி.பி.யிலேயே (பல திரைகளும் ஆப்களும் சரியாகக் காட்டாத அகன்ற நிற வரம்பு) எக்ஸ்போர்ட் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

அவர் படத்தை உங்கள் படமாக்குவது

'நானா இருந்தா இடப்பக்கம் போய், 35 எம்.எம். லென்ஸ்ல எடுத்திருப்பேன்' என்பது உங்கள் படத்தைப் பற்றிய தகவல். எடுத்தவர் நின்ற இடத்தில் சுவர் இருந்திருக்கலாம். அதைவிட மோசம், கேட்காமலே படத்தை இறக்கி, க்ராப் பண்ணி, கறுப்பு வெள்ளையாக்கி எல்லோர் முன்னாலும் போடுவது. எத்தனை நல்ல எடிட்டாக இருந்தாலும் அது அத்துமீறல்தான். க்ராப்பைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் அனுமதி கேளுங்கள், அல்லது வார்த்தையில் சொல்லுங்கள்: "வலது ஓரத்திலிருந்து அந்த வெள்ளை வாளி வரைக்கும் கையால மறைச்சுப் பாருங்க."

குறைகளைக் குவிப்பதும் வேண்டாம். இரண்டு போதும்: இருக்கும் ஃபைலிலேயே திருத்தக்கூடியது ஒன்று, அடுத்த முறை எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. எட்டுக் குறை கேட்டவர் எட்டையும் மறந்துவிடுவார், சொன்ன தொனி மட்டும் நினைவிருக்கும்.

போட்டிக்கு அனுப்பப்போகும் படமென்றால் எந்தப் பிரிவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 'அந்தக் குச்சியை க்ளோன் பண்ணி எடுத்துடுங்க' (பக்கத்துப் பகுதியை நகலெடுத்து அதை மூடிவிடுங்கள்) என்ற ஆலோசனை கிரியேட்டிவ் பிரிவில் சாதாரணம். நேச்சர் பிரிவில் அதைக் கேட்டுச் செய்தால் படம் தகுதியிழக்கும்.

'செம்ம', 'சூப்பர் கிளிக்' பற்றியும் ஒரு வார்த்தை. இவை யாரையும் புண்படுத்துவதில்லை, ஆனால் எது வேலை செய்தது என்று தெரியாதவர் அடுத்த படத்தில் அதையே வெட்டி எறிந்துவிடுவார். "முகத்தை இருட்டுல விட்டுட்டு மூக்குத்தி மேல மட்டும் வெளிச்சம் விழ வச்சிருக்கீங்க, அதைத் தொடாதீங்க. ஷேடோவை ஏத்துனா போயிடும்" என்று எழுத அரை நிமிடம் ஆகும்.