பிள்ளைகள் லீக் துண்டறிக்கை: டத்தோ படத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் விவரங்கள்

கெடா மாநிலத்தில் கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கம் பிள்ளைகளுக்குக் காற்பந்து லீக் நடத்துகிறவர்கள் திடல், கோச், கோல் வலை என்று எல்லாவற்றுக்கும் அலைவார்கள். துண்டறிக்கையை மட்டும் கடைசி இரவில், கைப்பேசியில், யாராவது ஒரு தம்பியிடம் செய்யச் சொல்வார்கள். அப்புறம் பதிவுக்கு ஆள் வரவில்லை என்றால் “நம் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லை” என்று பேச்சு வரும். ஆர்வம் இருக்கிறது. தாளைப் படித்த பெற்றோருக்குத்தான் எதுவும் விளங்கவில்லை.

பெரிய தவறு தாளின் மேல் பாதியில் நடக்கிறது. நடுவில் ஒரு டத்தோ, பக்கத்தில் சட்டமன்ற உறுப்பினர், கீழே கழகத் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பிறகு ஆதரவாளர்களின் சின்னங்கள். இத்தனை பேரையும் தாண்டி வந்தால் ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் “பதிவுக்கு” என்று ஒரு தொலைபேசி எண். ஜெர்சிக்குக் காசு கொடுத்தவரை மறைக்கச் சொல்லவில்லை. அவர் பெயரை அடியில் ஒரு வரியில் போடலாம், திறப்பு விழாப் பதாகையில் முகத்தையும் பெரிதாகப் போடலாம். பதிவுத் துண்டறிக்கையின் வேலை வேறு. வேலை முடிந்து வந்து, பிள்ளையின் பள்ளிப் பையில் கசங்கிக் கிடக்கும் தாளை எடுத்துப் பார்க்கிற அம்மாவுக்கு அது பதில் சொல்ல வேண்டும். என்ன வயது, என்ன நாள், எத்தனை மணிக்கு முடியும், எந்தத் திடல், எவ்வளவு காசு, யாரைக் கூப்பிடுவது? இவ்வளவும் மேல் பாதியில் இருக்கட்டும். மிச்ச இடத்தில் யாரை வேண்டுமானாலும் போடுங்கள்.

மெஸ்ஸி, ரொனால்டோ படமும் வேண்டாம். அது அடுத்தவர் சொத்து என்பது ஒரு பக்கம். பார்க்கிறவருக்கு இது தொலைக்காட்சி விளம்பரமா, நம் ஊர்ப் பிள்ளைகளின் ஆட்டமா என்றே தெரியாது என்பது இன்னொரு பக்கம். (தாத்தாக்களை இழுக்க வேண்டுமானால் அந்தக் கால மலேசியக் கோல்காப்பாளர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் பெயரைச் சொல்லலாம், 1980 ஒலிம்பிக் தகுதியாட்டக் கதை தானாக வந்துவிடும். ஆனால் பதிவுப் பாரத்தை நிரப்புவது தாத்தா இல்லை.) சென்ற ஆண்டு ஆடிய நம் பிள்ளைகளின் படமே போதும், பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போட்டால். பெண் பிள்ளைகளையும் சேர்ப்பதாக இருந்தால் படத்தில் ஒரு பெண் பிள்ளையாவது இருக்க வேண்டும். எல்லாரும் பையன்களாக இருந்தால், மகளை வைத்திருக்கும் அம்மா இது நமக்கில்லை என்று தாளை மடித்துவிடுவார்.

அடுத்தது நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல். “ஆட்டங்கள் வார இறுதியில் நடைபெறும்” என்று எழுதுகிறார்கள். எந்த வார இறுதி? கெடாவில் பள்ளி விடுமுறை வெள்ளியும் சனியும். எல்லையைத் தாண்டினால் பினாங்கில் சனியும் ஞாயிறும். பாடாங் செராயில் குடியிருந்து பிறையிலோ புக்கிட் மின்யாக்கிலோ தொழிற்சாலைக்குப் போகும் அப்பாவுக்குச் சனியும் ஞாயிறும் ஓய்வு, ஞாயிறன்று மகன் பள்ளியில் இருப்பான். வெள்ளிக்கிழமை மகன் சும்மா இருப்பான், கொண்டுபோய் விட ஆள் இருக்காது. இரண்டு பேருக்கும் பொதுவான நாள் சனி. லீக்கை எந்த நாளில் வைப்பது என்பது செயலவையின் முடிவு. தாளில் கிழமையையும் தேதியையும் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். வெள்ளியில் வைத்தால் தொழுகை நேரத்தை விட்டுவிடுங்கள். மலாய்ப் பிள்ளைகளும் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மதியம் ஒரு மணிக்கு ஆட்டம் போடுவது அழகல்ல. தொடங்கும் நேரத்தை மட்டும் எழுதுவதும் பாதி வேலைதான். டியூஷனுக்கும் தேவார வகுப்புக்கும் நடுவில் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு, எத்தனை மணிக்கு முடியும் என்பதுதான் முக்கியம்.

“12 வயதுக்குட்பட்டோர்” என்பதும் குழப்பும். மார்ச்சில் 12 முடிகிற பையன் உள்ளே வருவானா, மாட்டானா? நம் பள்ளி விளையாட்டுகளில் பிறந்த ஆண்டை வைத்துத்தான் கணக்கு. அதே கணக்கை நீங்களும் வைத்திருந்தால், 2026 லீக்குக்கு “2014 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் (ஆறாம் ஆண்டு வரை)” என்று எழுதிவிடுங்கள். கேட்டு வரும் அழைப்புகளில் நிறைய குறையும். வயதுக்குச் சான்றாக “மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பவும்” என்று மட்டும் போடாதீர்கள். பிள்ளையின் பெயரும் அடையாள எண்ணும் எத்தனை கைப்பேசிகளில் தங்கும் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாள் திடலுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் சரி.

“தோட்டத் திடல்” என்று எழுதினால் அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு விளங்கும். தோட்டம் கைமாறி, பாதி தாமான் குடியிருப்பாகிவிட்ட ஊரில், புதிதாகக் குடிவந்தவருக்கு எந்தத் தோட்டம் என்று எப்படித் தெரியும்? தமிழ்ப்பள்ளிக்குப் பின்னாலா, கோயிலுக்கு எதிரிலா என்று ஓர் அடையாளம் சொல்லுங்கள்.

கட்டணத்தில் மழுப்பல் வேண்டாம். 50 வெள்ளி என்றால் 50 வெள்ளி, ஜெர்சி அதில் அடக்கமா இல்லையா என்பது அதே வரியில். இரண்டு பிள்ளைகளை அனுப்பும் வீட்டில் இந்த ஒரு வரிதான் முடிவைச் செய்கிறது.

கியூஆர் குறியீடு போடுகிறவர்கள் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள், எது பாரம், எது பணம் என்று எழுதாமல். பணம் செலுத்தும் டூயிட்நவ் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். கழகத்தின் பெயரை எதிர்பார்த்தவர் முன்பின் தெரியாத ஒருவரின் பெயரைப் பார்த்தால் மோசடி என்று பயந்து நிறுத்திவிடுவார். கழகக் கணக்காக இருப்பது நல்லது. பொருளாளரின் கணக்குத்தான் என்றால் அவர் பெயரைக் குறியீட்டின் அடியில் எழுதிவிடுங்கள். குறியீட்டைச் சுற்றி வெள்ளை ஓரம் இருக்க வேண்டும், குறியீட்டின் அளவு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கூகள் பாரத்தில் கோப்பு ஏற்றச் சொல்லும் கேள்வி இருந்தால் அது கூகள் கணக்கில் நுழையச் சொல்லும், பல பெற்றோர் அங்கேயே விட்டுவிடுவார்கள்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். “கொ” என்று அடித்தால் கொம்பு பின்னால் போய் நிற்பதும், நடுவில் புள்ளி வட்டம் முளைப்பதும் சில வடிவமைப்பு மென்பொருள்களில் இன்னும் நடக்கிறது. தமிழுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அப்படித்தான் வரும். எழுத்துரு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம். ஆப்பிள் கருவிகளில் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி இருக்கிறது. தமிழ் தெரியாத கடைக்காரரிடம் அச்சடிக்கக் கொடுக்கும்போது பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், எழுத்துரு அதிலேயே அடங்கியிருக்கும். அச்சுக்குப் போகுமுன் ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதும் நல்லது.

திரையில் பளபளக்கும் பச்சைப் புல்லும் மஞ்சள் எழுத்தும், பள்ளி அலுவலகத்தில் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் சாம்பல் மேல் சாம்பலாகிவிடும். ஏ4 தாளுக்குச் செய்ததை ஏ5 ஆகச் சுருக்கினால் 12 புள்ளி எழுத்து எட்டரைக்கு இறங்கும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பக்கத்தில் திணித்தால் எதையும் படிக்க முடியாது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய் போதும். தேசியப் பள்ளியில் படித்த பெற்றோர் பலருக்கு அந்த மறுபக்கம்தான் வேண்டும். தெருவிளக்குக் கம்பத்தில் கட்ட நினைத்தால் அதற்கு முன் நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேளுங்கள். ஒட்டுக்கடையிலும் கோயிலிலும் உரிமையாளர், நிர்வாகம் சரி என்றால் போதும்.

புலனத்தில் படத்தை மட்டும் அனுப்பினால், அதிலிருக்கும் எண்ணைப் பல கைப்பேசிகளில் தொட்டு அழைக்க முடியாது. நாள், இடம், எண், பாரத்தின் இணைப்பு ஆகியவற்றைப் படத்தோடு எழுத்தாகவும் அனுப்புங்கள். இரண்டு பேரின் எண் இருக்கட்டும், ஒருவர் ஷிப்டில் இருக்கும்போது மற்றவர் எடுக்கலாம். பதிவுக்குக் கடைசித் தேதி முடிந்ததும் அதே படத்தின் மேல் “பதிவு முடிந்தது” என்று பெரிதாக எழுதி அதே குழுக்களில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பழைய படம் அடுத்த ஆண்டு வரை சுற்றிக்கொண்டிருக்கும், செயலாளரின் கைப்பேசியும் அதுவரை அடித்துக்கொண்டே இருக்கும்.