டேங்கில் பெட்ரோல் இறங்கவில்லையா? காற்று எங்கே அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள்

1,000 ரூபாய்க்கு அடிக்கச் சொன்னால் 180 ரூபாயிலேயே டக்கென்று கட் ஆகிறது. திரும்ப அழுத்தினால் இன்னும் 30 ரூபாய்க்கு ஓடி மறுபடி கட். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார், பங்க் தம்பி "சார், டேங்க் ஃபுல் போல" என்கிறார், டேஷ்போர்டில் முள்ளோ ரிசர்வில் கிடக்கிறது. என்னுடைய பழைய பெட்ரோல் காரோடு இரண்டு மாதம் இதை அனுபவித்தேன், அதனால் படிப்படியாக எங்கே பார்ப்பது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் நாசில் ஏன் தானாக நிற்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நாசிலின் மூக்கு நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அடுத்த முறை எட்டிப் பாருங்கள். பெட்ரோல் ஓடும்போது அந்த ஓட்டை வழியாக நாசில் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டையைப் பெட்ரோல் மூடியதும் காற்று வருவது நின்றுவிடும், உள்ளே வெற்றிடம் கூடி ஒரு சவ்வை இழுக்கும், லிவர் விடுபட்டுவிடும். இதில் கரன்ட்டும் இல்லை, சென்சாரும் இல்லை. டேங்க் நிறைந்ததா இல்லையா என்பது நாசிலுக்குத் தெரியவே தெரியாது, தன் மூக்கு நனைந்ததா என்பது மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் கேள்வி, காலி டேங்கில் மூக்கு ஏன் நனைகிறது? நிமிடத்துக்கு 30 லிட்டர் பெட்ரோல் உள்ளே போனால் அதே நிமிடத்தில் 30 லிட்டர் காற்றும் ஆவியும் வெளியே வந்தாக வேண்டும். தண்ணீர்க் குடத்தை ஒரேயடியாகக் கவிழ்த்தால் களக் களக் என்று திணறுமே, அதே கதைதான். பல கார்களில் பெட்ரோல் போகும் தடித்த குழாயை ஒட்டியே ஒரு மெல்லிய பிரீதர் ஹோஸ் காற்றை வாய்ப்பக்கம் திருப்பிக் கொண்டுவரும், சில கார்களில் கரி நிரப்பிய டப்பா, அதாவது சார்கோல் கேனிஸ்டர் வழியாக வெளியே விடும். இந்த வழி அடைபட்டால் உள்ளே போன பெட்ரோல் கழுத்திலேயே எதிர்த்து நின்று மேலே வரும், மூக்கு நனையும், கட்.

இனி பங்கில் செய்யவேண்டியது. ஒரே பங்கில் மட்டும் இப்படி ஆனால் உங்கள் வண்டியில் ஒன்றும் இல்லை, அந்த நாசில் சரியில்லை, வேறு பம்புக்குப் போங்கள். இரண்டு மூன்று பங்கிலும் இதே நிலைமை என்றால் "மெதுவா அடிங்க" என்று சொல்லிப் பாருங்கள். மெதுவாக அடித்தால் ஒழுங்காக இறங்குகிறதா? அப்படியென்றால் காற்று வழி பாதி அடைத்திருக்கிறது. நாசிலை ஒரு இஞ்ச் வெளியே இழுத்துப் பிடிப்பதும், பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பதும் அவசரத்துக்கு உதவும், தெறிக்கும் பெட்ரோல் அந்த ஓட்டையில் படாது, அவ்வளவுதான். மெதுவாக அடித்தும் இறங்காமல் திருப்பித் துப்பினால் கழுத்துக் குழாயே மடங்கியிருக்கலாம், அல்லது டேங்க் வாசலில் உள்ள ஒருவழி மூடி மாட்டிக்கொண்டிருக்கலாம். டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: டீசல் நுரைக்கும், வேகமாக அடிக்கும் நாசிலில் அந்த நுரையே கட் பண்ணிவிடும், அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள்.

சரி, யாராவது ஒருவர் "மூடியை மாத்துங்க" என்று கட்டாயம் சொல்வார். பெட்ரோல் அடிக்கும்போது மூடி உங்கள் கையில் இருக்கிறது, அது எப்படிக் காரணமாகும்? ஆனால் மூடியைத் திறக்கும் அந்த நொடியில் காது கொடுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் லேசாகப் புஸ் என்றால் இயல்பு. ஒவ்வொரு முறையும் பலமாகக் காற்றை உள்ளே இழுத்தாலோ வெளியே தள்ளினாலோ டேங்க் மூச்சுவிட முடியாமல் இருக்கிறது என்று பொருள்.

வீட்டில் பார்ப்பதானால் வண்டி ஆறியிருக்கட்டும், திறந்த வெளியில் நிறுத்துங்கள், டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வேண்டாம், சிகரெட், விளக்கு, கிரைண்டர் வேலை எதுவும் பக்கத்தில் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். பெட்ரோல் மூடிக்குக் கீழே, பின் சக்கரத்து மட்கார்டு பிளாஸ்டிக்கைக் கழற்றினால் பெரும்பாலும் கழுத்துக் குழாயும் ஹோஸ்களும் தெரியும். பின்பக்கம் டிங்கரிங் செய்திருந்தாலோ, ஃபியூல் பம்ப் மாற்ற டேங்கை இறக்கியிருந்தாலோ முதலில் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஹோஸை இரண்டு பக்கமும் கழற்றித் தனியாக எடுத்த பிறகு ஊதிப் பார்க்கலாம். வாயால் உறிஞ்சவே கூடாது. கம்ப்ரெஸர் காற்றை டேங்க் பக்கம் விடவும் கூடாது, டேங்க் அதைத் தாங்காது.

என் வண்டியில் என்ன நடந்தது? ஊரில் வேப்பமரத்தடியில் இரண்டு மாதம் சும்மா நின்றிருந்தது. ஒரு பட்டறையில் டேங்கையே மாற்றச் சொன்னார்கள், இன்னொருவர் பம்ப் போய்விட்டது என்றார் (பம்ப் பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்புகிற சாமான், அதற்கும் நிரப்புவதற்கும் என்ன சம்பந்தம்?). கடைசியில் நானே படுத்துப் பார்த்தேன். கேனிஸ்டரிலிருந்து வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும் ஹோஸின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பென்சில் தடிமன் ஓட்டை, சிமென்ட் பூசியது போல அடைப்பு. ஹோஸைக் கழற்றிக் கம்பியால் குத்தி எடுத்தேன், செலவு பூஜ்யம். சிரிக்காதீர்கள், 2011-ல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததே இப்படிப்பட்ட காற்று ஹோஸில் ஒரு மஞ்சள் சிலந்தி வலை பின்னுகிறது என்பதற்காகத்தான். அங்கே பயம் வேறு: காற்று வராமல் டேங்கில் வெற்றிடம் கூடி விரிசல் விடலாம் என்பது.

ஹோஸ் எல்லாம் சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் கேனிஸ்டர். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான், குறிப்பாக நம் ரவுண்ட் ஃபிகர் ஆசை. ஆட்டோ கட் ஆன பிறகு 2,847 ரூபாயை 2,900 ஆக்க இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தும்போது, ஆவிக்காக விட்ட இடமும் நிறைந்து பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குள் போகலாம். ஆவியைப் பிடித்து வைக்கத்தான் அந்தக் கரி, பெட்ரோலில் ஊறினால் வீணாகிவிடும். கழற்றிப் பார்த்தால் டப்பா கனக்கும், பெட்ரோல் சொட்டும், சில நேரம் கரிமணிகள் கொட்டும். கழுவிக் காயவைத்து மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மாற்றுவதுதான் வழி. கரி உதிர்ந்திருந்தால் அது போய்ச் சேர்ந்த குழாய்களையும் பர்ஜ் வால்வையும் (கேனிஸ்டரில் சேர்ந்த ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வு) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் போட்ட உடனே மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறது, மற்ற நேரம் நன்றாக இருக்கிறது என்றாலும் அந்தப் பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறை ஸ்கேனரில் பி0446 என்ற கோளாறு எண் வந்தால் அது காற்று வால்வின் பக்கம், அதாவது கேனிஸ்டருக்கு வெளிக்காற்று வழியைத் திறந்து மூடும் வால்வின் பக்கம் கை காட்டுகிறது. எந்தக் கோளாறு எண்ணும் வராததால் கோளாறு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், குளவிக் கூட்டுக்கு என் வண்டியின் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை.

பைக்கில் இதே நோய் வேறு மாதிரி தெரியும்: பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி மூச்சுத் திணறி நின்றுவிடும், மூடியைத் திறந்தால் புஸ், உடனே ஸ்டார்ட் ஆகும். மூடியில் இருக்கும் காற்று ஓட்டையைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் தீரும்.

எல்லாம் மாட்டிய பிறகு, கால் டேங்க் இருக்கும்போது பங்குக்குப் போய் வழக்கமான வேகத்திலேயே அடிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு தடவைகூட நிற்காமல் நிறையும்போது மட்டும் கட் ஆனால் சரியாகிவிட்டது, அந்த முதல் கட்டோடு நிறுத்திவிடுங்கள், 2,847 ஆக இருந்தாலும். நான் ஹோஸ் வாயில் ஒரு துண்டு ஸ்டீல் வலை வைத்து கிளாம்ப் போட்டிருக்கிறேன். துணி வைத்துக் கட்டாதீர்கள், மழையில் நனைந்தால் அதுவே அடைப்பு. வலையிலும் புழுதி சேரும், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒருமுறை எடுத்துத் தட்டிவிட்டு மாட்டுகிறேன்.