ஷட்டவுன் பண்ணியும் மவுஸ் லைட் எரிஞ்சிட்டே இருக்கா? இத பண்ணி பாருங்க

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சில்ல, அன்னிக்கு முத்தியால்பேட்டைல சித்தப்பா வீட்டுல மாட்டிக்கிட்டேன். தெருவே இருட்டு, இன்வெர்ட்டர்ல ஒரு ஃபேன் மட்டும் ஓடுது, அதுவும் விடியுற வரைக்கும் தாங்குமான்னு தெரியல. அந்த நேரத்துல மூலைல அதே இன்வெர்ட்டர் லைன்ல இருந்த கம்ப்யூட்டரோட மவுஸ் செவப்பா மின்னிக்கிட்டு கெடக்கு! "டேய் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணலியா"ன்னு சித்தப்பா சத்தம் போட, தம்பி "சாயங்காலமே ஷட்டவுன் பண்ணிட்டேன்பா"ன்னு சத்தியம் பண்றான். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான், அதான் விஷயமே.

நீங்க ஷட்டவுன் குடுத்தாலும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு கரன்ட் குடுக்குற பவர் சப்ளை பாக்ஸ்) முழுசா தூங்காது. சுவிட்ச் போர்டுல கரன்ட் இருக்குற வரைக்கும் 5 வோல்ட் லைன் ஒண்ணு மதர்போர்டுக்கு போயிட்டே இருக்கும், ஸ்டாண்ட்பைன்னு சொல்லுவாங்க, 24 பின் கேபிள்ல ஊதா கலர் ஒயர் இருந்தா அது இதுதான். நீங்க பவர் பட்டன அமுக்குனா அத கவனிக்கிறதுக்கு போர்டு முழிச்சிருக்கணும்ல, அதுக்காகத்தான். ஆனா நெறைய போர்டு அதே 5 வோல்ட்ட யுஎஸ்பி போர்ட்டுக்கும் குடுத்துடுது, அதனாலதான் மவுஸ், கீபோர்டு, ஆர்ஜிபி (கலர் கலரா எரியுற) லைட் எல்லாம் ராத்திரி பூரா ஜொலிக்குது. இதுக்குப் போயி எஸ்எம்பிஎஸ் மாத்தணும்னு யாராவது சொன்னா காச எடுக்காதீங்க, என் ஃப்ரெண்டு மாத்திட்டான், லைட் இன்னும் எரியுது.

முதல்ல விண்டோஸ்ல ஒரு சின்ன வேலை. கன்ட்ரோல் பேனல் போயி பவர் ஆப்ஷன்ஸ் திறங்க, எடது பக்கம் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ"ன்னு இருக்கும், உள்ள போனா மேல "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அனவெய்லபிள்" வரும், அத அமுக்கினாத்தான் கீழ இருக்குற டிக்கெல்லாம் மாத்த முடியும், அதுல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்க எடுத்துட்டு சேவ் பண்ணுங்க. இது இருந்தா ஷட்டவுன்ங்கிறது பாதி ஹைபர்நேட் (ஓடிட்டு இருந்தத டிஸ்க்ல சேவ் பண்ணிட்டு அணையறது) மாதிரிதான் நடக்கும். இத எடுத்தாலே சில சிஸ்டம்ல லைட் அணைஞ்சிடும், ஆனா அத நம்பி இருக்காதீங்க.

அடுத்ததுதான் மெயின் வேலை, பயாஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டோட செட்டிங்ஸ் ஸ்கிரீன். பயப்படாதீங்க, நான் சொல்றத மட்டும் தொடுங்க, மத்தத பாத்துட்டு வந்துடுங்க போதும். ரீஸ்டார்ட் குடுத்துட்டு ஸ்கிரீன்ல லோகோ வர்றதுக்கு முன்னாடியே டெலீட் கீய தட்டிக்கிட்டே இருங்க, ஏஎஸ்ராக் கம்பெனி மதர்போர்டுன்னா எஃப்2. ஈஸி மோட்ல நின்னா எஃப்7 அமுக்கி அட்வான்ஸ்டுக்கு மாறுங்க (ஏசஸ், எம்எஸ்ஐ ரெண்டுக்கும் இதான்). இப்ப நாம தேடுறது ஈஆர்பின்னு ஒரு ஆப்ஷன். ஆஃப்ல இருக்குற மெஷின் இவ்ளோதான் கரன்ட் இழுக்கணும்னு ஐரோப்பால போட்ட சட்டத்துக்காக வந்த ஐட்டம், நமக்கு அது இங்க ஓசில கெடச்ச லாபம்.

ஏசஸ்ல அட்வான்ஸ்ட், ஏபிஎம் கான்ஃபிகரேஷன் உள்ள ஈஆர்பி ரெடி இருக்கும், அத எனேபிள் எஸ்4+எஸ்5ன்னு வைங்க. எம்எஸ்ஐல செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட், பவர் மேனேஜ்மென்ட் செட்டப். கிகாபைட்ல செட்டிங்ஸ், பிளாட்ஃபார்ம் பவர். ரெண்டுலயும் உள்ள இருக்குற ஈஆர்பிய எனேபிள் பண்ணுங்க. ஏஎஸ்ராக்ல மட்டும் பேரே வேற, சிப்செட் கான்ஃபிகரேஷன்ல டீப் ஸ்லீப்னு இருக்கும், அத எனேபிள் பண்ணுங்க. மாடலுக்கு மாடல் மெனு கொஞ்சம் இடம் மாறும், பொறுமையா தேடுங்க. மாத்துனதும் எஃப்10 அமுக்கி, யெஸ் (Yes) குடுத்து வெளிய வாங்க.

விண்டோஸ் வந்ததும் ஒருதடவ ஷட்டவுன் பண்ணி ஒரு நிமிஷம் வெயிட் பண்ணுங்க. மவுஸ் அணைஞ்சிருக்கணும்.

ஒண்ணு சொல்லிடறேன், இத போட்டா கீபோர்டுல தட்டி சிஸ்டம ஆன் பண்றது, நெட்வொர்க் வழியா எழுப்புறது, ஆஃப்ல இருக்கும்போது போன் சார்ஜ் போடுறது எல்லாம் போயிடும். கேஸ்ல இருக்குற பவர் பட்டன் எப்பவும் போல வேலை செய்யும்.

மவுஸ் அணைஞ்சும் போர்டு லைட் மட்டும் எரியுதுன்னா அதே பயாஸ்ல எல்இடி லைட்டிங்க ஆஃப் ஸ்டேட்டுக்கு தனியா அணைக்கலாம். யுஎஸ்பி ஹப்புக்கு தனி அடாப்டர் இருந்தா அத எந்த பயாஸும் ஒண்ணும் பண்ண முடியாது, பிளக்க பிடுங்கணும்.

எதுவுமே ஆகலன்னா இருக்கவே இருக்கு எஸ்எம்பிஎஸ் பின்னாடி சுவிட்ச், ஷட்டவுன் ஆனப்புறம் வட்டம் போட்ட பக்கம் அமுக்குங்க. லைட் ஒரு சில செகண்ட் கழிச்சுதான் போகும், உள்ள கெபாசிட்டர்ல மிச்சம் இருக்குற கரன்ட் அது. தெனம் இப்படி பண்ணா போர்டுல இருக்குற சிஆர்2032 பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், தேதி நேரம் தப்பா காட்ட ஆரம்பிச்சா அத மாத்திடுங்க.

கரன்ட் பில் பெருசா கொறையும்னு நெனைக்காதீங்க. 5 வாட் இழுக்குதுன்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு 16 மணி நேரம், மாசத்துக்கு 2.4 யூனிட் அவ்ளோதான். எனக்கு தூக்கம்தான் முக்கியம். இடி மழை, புயல்னா மட்டும் ஈஆர்பி இருக்குதுன்னு அசால்ட்டா விட்டுடாதீங்க, பிளக்கயும் லேன் கேபிளயும் கழட்டி வைங்க.